நீரளவை முறைகளைக் களத்திலும் ஆய்வகத்திலும் கற்க: குமரி மாவட்டத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

தோவாளைத்தும்பி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நிலவியல் முடித்துவிட்டு நீரியல் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். மண்ணுக்குள் தண்ணீர் ஓடுவதற்கான டார்சி விதி, கால்வாய் ஓட்டத்துக்கான மேனிங் சமன்பாடு எல்லாம் பரீட்சையில் எழுதியதோடு சரி. ஓடுகிற தண்ணீரில் இறங்கி அளந்ததில்லை. மண்ணின் நீர்க்கடத்துத்திறனை (மண் எவ்வளவு எளிதாகத் தண்ணீரை விடுகிறது என்பதை) ஆய்வகத்தில் ஒருவர் செய்து காட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். இப்போது வேலைக்கு விண்ணப்பித்தாலும் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தாலும் முதல் கேள்வியே ‘களத்தில் அளந்த அனுபவம் உண்டா’ என்பதுதான்.

வீடு தோவாளைப் பக்கம். நடந்துபோகிற தூரத்தில் சானல் (பாசனக் கால்வாய்), வண்டியில் போனால் பழையாறு. பயிற்சி வகுப்பு எதிலும் சேர்வதற்கு முன்னால் இங்கேயே எவ்வளவு கற்க முடியும்? எதில் தொடங்குவது? எந்தக் கருவிக்குக் காசு செலவழிக்கலாம், எதைக் கையில் இருப்பதை வைத்தே செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்

தம்பி, ஆறுகளில் ஓட்டம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் யோசனை ஒன்றுதான். ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே தண்ணீரை இரண்டு வேறு முறைகளில் அளங்கள். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று எழுதி வையுங்கள். பத்துக் கருவிகளைத் தொட்டுப் பார்ப்பதைவிட இதில்தான் அளப்பது என்றால் என்ன என்று பிடிபடும்.

தொடங்குவதற்குச் சானல் நல்ல இடம். வழக்கமாக ஜூனில் திறந்தால் பிப்ரவரிக் கடைசி வரை தண்ணீர் ஓடும், அப்புறம் அடைப்பார்கள். அடைத்த நாட்களில் தரை தெரியும்போதே குறுக்குவெட்டை டேப் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளலாம். இந்த வசதியை ஆறு தராது. நேராக ஓடுகிற, கரை இடியாத, பாசி அடைக்காத ஒரு நீளமாகப் பாருங்கள். மடைக்கும் வளைவுக்கும் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் மிதவை முறை. 20 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். மேல் கயிற்றுக்குச் சில மீட்டர் முன்னாலேயே மிதவையைப் போடுங்கள், அது தண்ணீரின் வேகத்தைப் பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். உங்கள் ஊர்க் காற்று தெரிந்ததுதானே. ஆனி, ஆடியில் லேசான தெர்மாகோல் துண்டைப் போட்டால் காற்றின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி மூடிய சின்ன பாட்டில் போதும், கழுத்து மட்டும் வெளியே தெரியும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மாற்றி மாற்றி விடுங்கள். சராசரியாக 25 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். அடியில் தரை இழுத்துப் பிடிப்பதால் முழு ஆழத்தின் சராசரி இதைவிடக் குறைவு, வழக்கமாக 0.85-ஆல் பெருக்குவார்கள். 0.68 வரும். குறுக்குவெட்டு 3 சதுர மீட்டர் என்றால் ஓட்டம் விநாடிக்கு 2.04 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 72 கன அடி.

இரண்டாவது கரண்ட் மீட்டர், தண்ணீருக்குள் வைத்து வேகத்தை அளக்கும் கருவி. கிண்ணங்கள் சுற்றும் வகையோ புரொப்பெல்லர் வகையோ, எது கிடைத்தாலும் சரி. அகலத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி இருபது இடங்களுக்குக் குறையாமல் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு துண்டிலும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் ஆழமும் வேகமும் கூடுகிற இடத்தில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடம் விட்டும் பிரிப்பது இதற்காகத்தான். ஆழம் முக்கால் மீட்டருக்கு உள்ளே இருந்தால் மேற்பரப்பிலிருந்து மொத்த ஆழத்தில் 0.6 பங்கு கீழே ஒரு முறை. அதற்கு மேல் இருந்தால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் எடுத்துச் சராசரி. ஒவ்வோர் இடத்திலும் 40 விநாடியாவது பொறுமையாக எண்ணுங்கள், தண்ணீரின் வேகம் கணத்துக்குக் கணம் கூடிக் குறையும்.

நிற்கிற விதத்தையும் பழக வேண்டும். மீட்டரைப் பொருத்திய கோலுக்கு நேர் பின்னால் கால் அகட்டி நின்றால் உங்கள் காலே தண்ணீரைத் தேக்கி வேகத்தைக் குறைத்துவிடும். கையை நீட்டி, கோலுக்குக் கீழ்ப்பக்கமாகவும் சற்று விலகியும், கரையைப் பார்த்து நிற்க வேண்டும். கோல் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இறங்குவதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். ஆழம் மீட்டரில், வேகம் விநாடிக்கு மீட்டரில்; இரண்டையும் பெருக்கினால் 1-ஐ நெருங்குகிறது என்றால் இறங்கவே வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்தில் 0.6 மீட்டர் ஆழத்துக்கு அரைக்குக் கொஞ்சம் கீழேதான் வரும். மழை பெய்து கலங்கி வருகிற பரளியாற்றிலோ கோதையாற்றிலோ அது சீக்கிரம் 1-ஐத் தாண்டிவிடும். தனியாகப் போகாதீர்கள்.

குறிப்பேட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நீர்மட்டம் எவ்வளவு என்று கட்டாயம் இருக்கட்டும். இடையில் மேலே யாராவது மடையைத் திறந்திருந்தால் அந்த இரண்டு எண்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

மழைக்கணக்கு

ஆற்றுமணல் சார் சொன்னதோடு மழைமானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தும்பி. ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு முறை அளக்கலாம். மழையைத் தினமும் காலை 8.30-க்கு அளந்தே ஆக வேண்டும். அந்த ஒழுங்கு வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

நான் குலசேகரம் பக்கம். இங்கே பெரிய பிரச்சினை இடம்தான். எங்கு பார்த்தாலும் ரப்பர், தென்னை. பக்கத்தில் இருக்கும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது மானி தள்ளி இருக்க வேண்டும், நான்கு மடங்கு என்றால் உத்தமம். தென்னை 15 மீட்டர் என்றால் 30 மீட்டர் வெட்டவெளி வேண்டும். இந்த ஊரில் வீட்டு முற்றத்தில் அது கிடைக்காது. கடைசியில் உறவினர் ஒருவரின் வயலில் வைத்தேன். மொட்டை மாடியில் வைக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். மாடி விளிம்பில் காற்று மேலெழும்பி, துளிகளை மானியின் வாய்க்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வாய் இருப்பதுதான் நம் நாட்டு முறை.

கணக்கு எளிது. வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் 20 மில்லி லிட்டர் தண்ணீர் 1 மி.மீ. மழை. 16 செ.மீ. விட்டமுள்ள புனல் கிட்டத்தட்ட அந்தப் பரப்புதான். கடையில் வாங்கிய புனலின் வாய் நல்ல வட்டமாக இருக்கிறதா என்று இரண்டு திசையில் அளந்து பாருங்கள், நெளிந்திருந்தால் பரப்பே மாறிவிடும்.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை வைக்கிற அளவுக்குக் காற்று. அங்கே சாதாரண மழைமானி உண்மையைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும், அதுவும் சாரலாகப் பெய்யும்போது ரொம்பக் குறையும். அதனால் உங்கள் எண்ணையும் மலைமேல் இருக்கிற பாலமோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, வித்தியாசம் முழுவதும் மலையால் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையில் மழை கூடுதல் என்பது உண்மை. அதில் ஒரு பங்கு காற்றின் கைவேலை என்பதும் உண்மை.

கோட்குமரி

எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் காலத்தில் பென்சிலும் கயிறுமா? ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சிம் கார்டு. பாலத்துக்கு அடியில் மாட்டினால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் கைபேசிக்கு வந்துவிடும். பெரிய ஆறுகளில் படகில் ஒலி டாப்ளர் கருவியை (ஒலியலையால் நீரின் வேகத்தை அளப்பது) கட்டி இழுத்துச் சில நிமிடங்களில் ஓட்டத்தை எடுக்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்கள் நேராக இதற்குப் போகலாமே. வெள்ளம் வருகிற ராத்திரியில் யார் போய்க் கயிறு கட்டுவது? 2021 நவம்பரில் மாவட்டமே தண்ணீரில் நின்றபோது மணிக்கு மணி நீர்மட்டம் தெரிந்திருந்தால் எவ்வளவு பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும்!

ஆற்றுமணல்

கடைசியாகச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன் கோட்குமரி. ராத்திரி வெள்ளத்தை மனிதன் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. தானியங்கிக் கருவி அவசியம். பழையாற்றில் ஆசிரமம், கோதையாற்றில் திருவரம்பு ஆகிய இடங்களில் மத்திய நீர் ஆணையத்துக்கு நிலையங்கள் இருக்கின்றன. அந்த எண்களின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சென்சார் தருவது நீர்மட்டம். ஓட்டம் வேண்டுமானால் இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்கிற வளைகோடு வேண்டும். அதை வரைய யாராவது கோடையிலும் மழையிலும் நேரில் போய் அளந்தே தீர வேண்டும். பெரிய வெள்ளம் வந்து அடியில் மணலை அரித்தாலோ கொண்டுவந்து போட்டாலோ பழைய வளைகோடு செல்லாது, திரும்ப அளக்க வேண்டும். பழையாறு கடலில் சேருகிற மணக்குடிப் பொழிமுகத்தை நெருங்கிவிட்டால் வளைகோடே வேலைக்கு ஆகாது. மணல் திட்டு வாயை அடைத்தால் ஆற்றில் ஓட்டம் கூடாமலே மட்டம் ஏறும், கடல் ஏற்றத்திலும் அப்படித்தான்.

நீங்கள் சொன்ன அல்ட்ராசோனிக் சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் அது தூரம் சொல்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். சென்சாருக்கும் தண்ணீருக்கும் இடையில் 3 மீட்டர். காலைக்கும் பிற்பகலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 5 செ.மீ. பிழை. எதிரொலி சீக்கிரம் திரும்பி வருவதால் தண்ணீர் கிட்டே வந்துவிட்டது என்று சென்சார் நினைக்கும். வெயில் ஏற ஏற ஆறும் ஏறுவதாகத் தினமும் வரைபடம் வரும். வெப்பநிலைத் திருத்தம் உள்ள சென்சார் வாங்கினாலும், அதன் வெப்பமானி வெயில் பட்ட பெட்டிக்குள் இருந்தால் திருத்தமே தப்பாகிவிடும். பாலத்தூணில் ஓர் அளவுகோல் பலகையை வைத்து, போகும்போதெல்லாம் கண்ணால் பார்த்து எழுதினால்தான் இது தெரியவரும்.

கோட்குமரி

வெப்பநிலை விஷயம் சரியாகப் பிடித்தீர்கள் சார். ரேடார் சென்சாருக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, ஆனால் விலை அதிகம். அளவுகோல் பலகை இல்லாமல் சென்சார் வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் ஒரு தடவை பலகையைப் பார்த்து எழுதுகிறவருக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நாலு மணிக்கு வடிந்த வெள்ளம் வந்ததாகவே தெரியாது. மலையிலிருந்து கடலுக்கு இவ்வளவு குறுகிய தூரம் உள்ள நம் ஆறுகளில் அது அடிக்கடி நடக்கும்.

ஆற்றுமணல்

நிச்சயமாக. இரண்டும் வேண்டும்.

ஏலாக்கரை

நான் படித்தவன் இல்லை, விவசாயி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் போடுகிற ஏலா (வயல்வெளி) எங்களுடையது, ஆனால் கடைமடை. அணையில் இத்தனை அடி தண்ணீர், வரத்து இத்தனை கன அடி என்று பேப்பரில் தினமும் வருகிறது. அணை நிறைந்தால் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். சானலில் திறந்துவிட்டது எவ்வளவு என்றும் வரும். எங்கள் மடைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது மட்டும் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. கேட்கப் போனால் ‘வழியில் கசிவு’ என்று ஒரு வார்த்தை. எவ்வளவு கசிவு என்று கேட்டால் பதில் கிடையாது. தும்பி தம்பி படிப்பதற்காக அளக்கிறார், நல்லது. எங்களுக்காகவும் இதை அளக்க முடியுமா?

ஆற்றுமணல்

அண்ணாச்சி, முடியும். சானலில் மேலே ஓரிடம், கீழே ஓரிடம், நடுவில் திறந்திருக்கும் மடைகள் எல்லாம், ஒரே நாளில் அளக்க வேண்டும். மேலே வந்ததிலிருந்து மடைகளில் போனதையும் கீழே போனதையும் கழித்தால் மிச்சம்தான் கசிவு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, தும்பி கவனிக்க வேண்டியதும் இதுதான். மடைகள் எல்லாம் அடைத்திருக்கும் நாளில் மேலே 72 கன அடி, கீழே 68 கன அடி என்று வருகிறது என்போம். கசிவு 4 கன அடி என்று எழுதத் தோன்றும். கரண்ட் மீட்டரில் கவனமாக அளந்தாலும் ஒவ்வோர் எண்ணிலும் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 72-இல் 3.6, 68-இல் 3.4. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் 5 வருகிறது. ஆக விடை, 4 கன அடி, கூடக் குறைய 5. அதாவது கசிவு இருக்கிறதா இல்லையா என்றே இந்த அளவு சொல்லவில்லை. அதற்காக விட்டுவிட வேண்டாம். இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டினால் கசிவு பெரிதாகும், பிழை அப்படியே நிற்கும். அல்லது சானல் அடைக்கிற சமயத்தில் ஒரு நீளத்தின் இரண்டு முனைகளிலும் மண்மூட்டை போட்டுத் தேக்கி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். அதற்குத் துறையின் அனுமதி வேண்டும். கசிவை அளக்க அதுதான் நம்பகமான வழி.

பேப்பரில் வருகிற வரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அணைக்குள் வருகிற தண்ணீரைப் பொதுவாக யாரும் நேரே நின்று அளப்பதில்லை. நீர்மட்டம் எவ்வளவு மாறியது, அந்த மாற்றத்துக்குக் கொள்ளளவு எவ்வளவு, திறந்துவிட்டது எவ்வளவு என்று பார்த்துத் திரும்பக் கணக்கிடுவார்கள். மட்டத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும் வரத்தில் பெரிதாகத் தெரியும்.

ஏலாக்கரை

கூடக் குறைய எவ்வளவு என்று ஓர் ஆள் எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக் கேள்வி கேட்க எங்களுக்கும் தைரியம் வரும். நன்றி.

ஆய்வகத்து_அக்கா

இதுவரை எல்லாம் ஆற்றோரம். நான் ஆய்வகத்துப் பக்கத்தைச் சொல்கிறேன். நீர் மாதிரிகளையும் மண் மாதிரிகளையும் சோதிப்பதுதான் என் வேலை. அதில் நான் உறுதியாக நம்புவது, ஆய்வக முடிவு கிணற்றடியிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பது.

நம் மாவட்டத்தின் மேற்கே, செம்புரைக்கல் பகுதிக் கிணறுகளில் பல இடங்களில் இதைப் பார்க்கலாம். இறைத்தவுடன் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். வாளியில் வைத்துவிட்டு ஒரு வேலை பார்த்துவிட்டு வந்தால் மேலே மினுமினுப்பாக ஒரு படலம், அடியில் துருநிறத்தில் வண்டல். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து படிந்துவிட்டது. அந்தத் தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்து மறுநாள் ஆய்வகத்தில் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துச் சோதித்தால் ‘இரும்பு இல்லை’ என்று அறிக்கை வரும். அந்த வீட்டுக்காரர் வேட்டியில் கறையைப் பார்த்துக்கொண்டே அறிக்கையையும் படிப்பார்.

ஆகவே உலோகங்களுக்கான மாதிரியைக் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதே அமிலம் விட்ட பாட்டிலில் காரத்தன்மையைச் சோதிக்க முடியாது. அதற்குத் தனி பாட்டில், விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல். பி.எச்., வெப்பநிலை, ஈ.சி. (மின்கடத்துத்திறன், உப்பு கூடினால் இதுவும் கூடும்), கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அங்கேயே அளந்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரைப் போட்டதும் வருகிற தண்ணீர் குழாயில் தேங்கியது. ஈ.சி. எண் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம் பிடியுங்கள்.

ஈ.சி. மீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாம், தும்பி கேட்டதற்கு என் பதில் இது. கூடவே 1413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசல் ஒரு புட்டி. களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அதில் நனைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 2 சதவீதம் மாறுகிற அளவு இது. உங்கள் மீட்டர் 25 டிகிரிக்குத் திருத்தித் தருகிறதா இல்லையா என்பதைக் கையேட்டில் பார்த்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் என்று கடலோரக் கிணறுகளில் கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை அளந்தாலே உப்பு ஏறி இறங்குவது தெரியும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் நிற்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் சொன்ன கணக்கு. மேலே அரை மீட்டர் இறைத்தால் கீழே என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

முடிவு வந்ததும் நேர் அயனிகளையும் எதிர் அயனிகளையும் மில்லிஈக்குவலன்டில் (மின்னூட்டத்தையும் கணக்கில் எடுக்கிற அலகு) கூட்டி ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த அறிக்கையை நம்பி எதுவும் எழுதாதீர்கள். எவ்வளவு பெரிய ஆய்வகம் கொடுத்த அறிக்கையாக இருந்தாலும் சரி.

தோவாளைத்தும்பி

அக்கா, ஈ.சி. மீட்டர் சொன்னதும் ஒரு கேள்வி. உப்பைக் கரைத்து ஊற்றி ஓடையின் ஓட்டத்தை அளக்கலாம் என்று படித்தேன். அதே மீட்டர் அதற்கும் போதுமா? மலையடிவாரத்தில் பாறையும் குழியுமாக ஓடுகிற ஓடைகளில் கரண்ட் மீட்டரை வைக்கவே இடம் இருப்பதில்லை.

ஆய்வகத்து_அக்கா

போதும். பாறை ஓடைக்கு அதுதான் சரியான முறையும்கூட, ஏனென்றால் தண்ணீர் நன்றாகக் குழம்பிக் கலப்பது இங்கே நமக்கு உதவி. எடை போட்ட சமையல் உப்பை ஒரு வாளி ஓடைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, நடு ஓட்டத்தில் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். ஓடை அகலத்தைப் போல 20, 25 மடங்கு கீழே தள்ளி நின்று, ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஈ.சி.யை எழுதுங்கள். ஏறும், உச்சிக்குப் போகும், மெல்ல இறங்கும். பழைய எண்ணுக்குத் திரும்பும்வரை நகரக் கூடாது. அந்த வாலை விட்டுவிட்டால் ஓட்டம் அதிகமாக வந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ உப்பு என்பது 10 லட்சம் மில்லிகிராம். ஏறிய ஈ.சி.யின் வளைகோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு, அதாவது ஒவ்வொரு முறையும் ஏறியதை 5 விநாடியால் பெருக்கிக் கூட்டியது, 5,000 என்று வந்தது. ஒரு மைக்ரோசீமன்ஸுக்கு லிட்டரில் சுமார் அரை மில்லிகிராம் உப்பு. ஆக 2,500. 10 லட்சத்தை 2,500-ஆல் வகுத்தால் விநாடிக்கு 400 லிட்டர். அந்த ‘சுமார் அரை’ என்பதைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், அதே ஓடைத் தண்ணீரில் தெரிந்த அளவு உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஏலாக்கரை

ஓடையில் உப்பைக் கொட்டுவதா? கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மீன் இருக்கிறது.

ஆய்வகத்து_அக்கா

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணாச்சி. மேலே சொன்ன கணக்கில் ஈ.சி. உச்சத்தில் ஏறுவது 60, 70 மைக்ரோசீமன்ஸ்தான், அதுவும் இரண்டு, மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். நாம் குடிக்கிற பல கிணறுகளில் இதைப் போலப் பல மடங்கு எப்போதுமே இருக்கிறது. ஆனால் ஊற்றுகிற இடத்தில் அந்த நேரம் உப்பு அதிகம்தான், அதனால் மீன் தங்கும் குழியில் ஊற்றக் கூடாது. கீழே யாராவது தண்ணீர் எடுக்கிறார்களா என்று பார்த்து, சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. சானலில் இது வேண்டவே வேண்டாம், அங்கே கரண்ட் மீட்டரே நன்றாக வேலை செய்யும்.

மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதத்துக்கு 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்ப்பதுதான் அடிப்படை. எந்த ஈரப்பத சென்சாரையும் இதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். நீர்க்கடத்துத்திறனுக்கு, மணல் என்றால் மாறா நீர்த்தலை முறை (மேலே நிற்கும் நீர்மட்டத்தை மாறாமல் வைப்பது), களி என்றால் இறங்கும் நீர்த்தலை முறை (மட்டம் இறங்குவதைப் பார்ப்பது). 1856-இல் டார்சி தன் மணல் குழாயில் செய்ததையேதான் இன்னும் செய்கிறோம். குழாய் ஓரமாகத் தண்ணீர் நழுவுகிறதா, மண்ணுக்குள் காற்று சிக்கியிருக்கிறதா என்பதில்தான் கவனம் வேண்டும். கீழிருந்து மேலாக மெதுவாக நனைத்தால் காற்று வெளியேறும்.

ஆனால் செம்புரை மண்ணுக்கு ஆய்வக எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அதில் வேர்த்துளையும் பொந்தும் அதிகம். கைப்பிடி அளவு மாதிரியில் அவை விழுந்தால் ஓர் எண், விழாவிட்டால் வேறோர் எண். களத்தில் இரட்டை வளையத்தை மண்ணில் இறக்கி, ஊற்றிய தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்று பாருங்கள், உள் வளையம் 30 செ.மீ. விட்டம், வெளி வளையம் 60 செ.மீ. ரப்பர் மேடைத்தட்டில் ஒன்று, பால் வெட்டப் போகிறவர்கள் தினமும் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் ஒன்று. ஒரே தோட்டம், ஒரே மண், ஆனால் மிதிபட்ட இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

மழைக்கணக்கு

ஆவியாதல் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் நிரப்பி, எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்க ஏ வகுப்புத் தட்டு, 1.2 மீட்டர் விட்டம், கால் மீட்டர் உயரம். காக்கை குளிக்காமல் கம்பிவலை போட வேண்டும். தட்டில் இறங்கியதைச் சுமார் 0.7-ஆல் பெருக்கினால் குளத்துக்கு ஓரளவு பொருந்தும், வலை போட்டால் அந்தக் கெழு கொஞ்சம் மாறும். முதல் வருஷத்துக்கு இது அவசியமில்லை என்பது என் கருத்து.

கோட்குமரி

எங்கே படிப்பது என்பதற்கு: ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நீரியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. அதே ஊரில் தேசிய நீரியல் நிறுவனம், 1978-இல் தொடங்கியது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம். நமக்குப் பக்கம் என்றால் கோழிக்கோட்டில் நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையம். உலக வானிலை அமைப்பின் 168-ஆம் எண் வழிகாட்டியும், 1044-ஆம் எண் ஓட்ட அளவைக் கையேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1192 வேகப் பரப்பு முறைக்கு, அதாவது ஆற்றுமணல் சார் சொன்ன கரண்ட் மீட்டர் முறைக்கு. இந்தியா விரிஸ் தளத்தில் ஆறு, நிலத்தடி நீர் தரவுகள் இருக்கின்றன. உங்கள் அளவைப் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

தோவாளைத்தும்பி

எல்லோருக்கும் நன்றி. சானல் அடைத்திருப்பதால், நண்பரின் தோட்டத்தில் ஓடுகிற சின்ன ஓடையில் இரும்புத் தகட்டில் 90 டிகிரி வி-வெட்டு வெட்டிக் குறுக்கே வைத்தோம். ஆற்றுமணல் சார் சொன்னபடி இரண்டு முறை. வி-வெட்டில் தகட்டை ஒட்டி ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் நீர்த்தலை (வி-யின் அடி முனைக்கு மேல் தண்ணீரின் உயரம்) 9 செ.மீ. ஓட்டம் = 1.38 × நீர்த்தலையின் 2.5 அடுக்கு (நீர்த்தலை மீட்டரில், ஓட்டம் விநாடிக்குக் கன மீட்டரில்) என்ற சூத்திரத்தில் விநாடிக்கு 3.35 லிட்டர். கீழே விழுகிற தண்ணீர் முழுவதையும் 50 லிட்டர் டிரம்மில் பிடித்தால் 11.4 விநாடியில் நிறைகிறது, அதாவது விநாடிக்கு 4.39 லிட்டர். வாளியில் முயன்றபோது இரண்டு விநாடியில் நிறைந்துவிட்டதால் டிரம்முக்கு மாறினோம். திரும்பத் திரும்பப் பார்த்தும் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. ஓரத்தில் கசிவு இல்லை, களிமண் அப்பியிருக்கிறோம். தகட்டுக்கும் விழுகிற தண்ணீருக்கும் இடையில் காற்றுப் போகிறது, தண்ணீர் ஒட்டாமல்தான் விழுகிறது. எங்கே இடிக்கிறது?

ஆற்றுமணல்

டிரம் சரி. நீர்த்தலை எடுத்த இடம்தான் காரணம். வெட்டை நெருங்கும்போது தண்ணீர் வேகம் பிடித்து மேற்பரப்பு சரிந்து இறங்கும். சூத்திரம் கேட்பது சரிவு தொடங்குவதற்கு முன் இருக்கிற மட்டத்தை. நீர்த்தலையைப் போல மூன்று, நான்கு மடங்கு மேலே தள்ளி, உங்களுக்கு 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அளங்கள். 10 செ.மீ.க்கு 4.36 லிட்டர் வரும், உங்கள் டிரம்மோடு ஒத்துப்போகும்.

இன்னொன்று. 2.5 அடுக்கு என்பதால் நீர்த்தலையில் 2 மி.மீ. பிசகினாலே ஓட்டத்தில் 5 சதவீதம் போய்விடும். அதனால் ஸ்கேலைக் கையில் பிடிக்காமல் ஒரு முளை அடித்து நிலையாகப் பொருத்துங்கள். அதன் பூஜ்ஜியம் வி-யின் அடி முனைக்கு நேர் மட்டமாக இருக்க வேண்டும்.

தோவாளைத்தும்பி

40 செ.மீ. தள்ளி, தண்ணீருக்கு அடியில் இருக்கிற முனைக்கு மட்டம் எப்படிப் பிடிப்பது சார்? லெவல் கருவி இல்லை.

ஆற்றுமணல்

தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, தேங்கினது வி-யின் முனைக்குக் கீழே இறங்கும்வரை விடுங்கள். ஒரு நேரான கட்டையின் ஒரு முனையை வி-யின் அடியில் வைத்து, மறுமுனையை முளை வரை நீட்டி, மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கட்டையை முனை மாற்றித் திருப்பி இன்னொரு முறையும் பாருங்கள், ரசமட்டத்தில் பிசகு இருந்தால் தெரிந்துவிடும். கொத்தனார் யாராவது டியூப் லெவல் தந்தால் இன்னும் எளிது. முளையில் பென்சிலால் கோடு போட்டு, ஸ்கேலின் பூஜ்ஜியத்தை அதில் வைத்து ஆணி அடித்துவிடுங்கள். தண்ணீரை மறுபடி வெட்டு வழியே விட்டு, மட்டம் அசையாமல் நின்ற பிறகு எடுத்த எண்களை இங்கே போடுங்கள்.